ஆத்திரத்துக்கு உண்டு, நோய்க்கு இல்லை

கொலை செய்தவரின் மனம் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தது என்ற கேள்விக்கு இந்தியக் குற்றவியல் சட்டம் இரண்டே விடைகளை ஏற்கிறது. தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத அளவுக்கு மனம் குலைந்திருந்தால் அவர் குற்றவாளியே அல்ல. அந்த அளவுக்குக் குலையவில்லை என்றால் அவர் முழுக் குற்றவாளி. ஆயுள் சிறை அல்லது தூக்கு. நோயும் தெளிவும் மாறி மாறி வந்துபோகும் மனங்களுக்கு, அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் குடியிருக்கும் மனங்களுக்கு, இந்த இரண்டுக்கும் நடுவே இடம் கிடையாது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சிங்கப்பூரும் அந்த இடத்தைக் 'குறைந்த பொறுப்பு' என்ற பெயரில் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. மனநோய் ஒருவரின் பொறுப்பை அடியோடு அழிக்காவிட்டாலும் கணிசமாகக் குறைத்திருந்தால் அங்கே கொலைக்குற்றம் ஒரு படி இறங்கும். இந்தியாவில் அப்படி ஒரு படி இல்லை. அது இல்லாத நிலையில் ஒரு நீதிமன்றம் எப்படித் தீர்ப்புச் சொல்ல நேர்கிறது என்பதை அண்மையில் ஊரறியக் காட்டியது திருவனந்தபுரத்து வழக்கு ஒன்று.

நந்தன்கோடு நகரின் நடுப்பகுதி. கேரள முதலமைச்சரின் இல்லமான கிளிஃப் ஹவுஸ் இருக்கும் இடம். 2017 ஏப்ரலில் அங்கே ஒரு வீட்டில் தீப்பிடித்தது. தீயணைக்கப் போனவர்கள் உள்ளே நான்கு உடல்களைக் கண்டார்கள். தந்தை, தாய், மகள், உறவுக்கார மூதாட்டி. அந்த வீட்டின் மகனைக் காணவில்லை. சென்னைக்குப் போய்த் திரும்பிய அவர் தம்பானூர் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். உடலிலிருந்து ஆவியைப் பிரித்து உலவவிடும் சோதனைக்காகவே இதைச் செய்ததாக அவர் முதலில் சொன்னதாகப் போலீஸ் தெரிவித்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் வாரக்கணக்கில் பேசின. பிறகு ஊளம்பாறை மனநல மருத்துவமனை, பூஜப்புரை மத்தியச் சிறை, வஞ்சியூர் நீதிமன்ற வளாகம் என்று வழக்கு எட்டாண்டு நீண்டது.

2025 மே 13 அன்று கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனையும் 15 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. எதிர்த்தரப்பு மனச்சிதைவு நோயைச் சொன்னது. அரசுத் தரப்பு, குடும்பத்தின் மீது சேர்த்துவைத்த பகையையும் திட்டமிட்ட செயல்களையும் சொன்னது. நீதிமன்றம் இரண்டாவதை ஏற்றது. அந்தத் தீர்ப்பின் சரி தவறை இங்கே எடைபோட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது நீதிமன்றத்தின் முன்னால் வைக்கப்பட்ட கேள்வியின் அமைப்பை. நோய் இருந்ததா, எவ்வளவு இருந்தது, அது அந்த மனிதரின் முடிவுகளில் எவ்வளவு தூரம் புகுந்திருந்தது என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இல்லை. அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது மட்டுமே இருந்தது. திட்டமிட்டவர் அறிந்தவர், அறிந்தவர் முழுப் பொறுப்பாளி. சட்டத்தின் கணக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி இப்படி அமைந்ததற்கு வேர் லண்டனில் இருக்கிறது. 1843 ஜனவரியில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஆளும் டோரிக் கட்சியினர் தன்னை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். ஜூரிகள் அவரை மனநோயாளி என்று விடுவித்தபோது நாடு கொதித்தது, அரசியும் அதிருப்தியடைந்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த விடைதான் மெக்நாட்டன் விதி: மனநோயால் அறிவு பழுதுபட்டு, தான் செய்யும் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறியாத நிலையில் இருந்ததாக நிறுவினால் மட்டுமே விடுதலை. இந்த விதியை அவருக்கே பொருத்தியிருந்தால் மெக்நாட்டன் தப்பியிருப்பாரா என்ற ஐயம் சட்ட அறிஞர்களிடம் இன்றும் உண்டு. சுடுவது இன்னதென்று அவருக்குத் தெரியும். தெரியாமல் போனது உலகம் எப்படி இருக்கிறது என்பது.

1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்த விதி 84ஆம் பிரிவாக வந்து அமர்ந்தது. செயலைச் செய்யும் நேரத்தில், சித்த சுவாதீனமின்மையால், செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு எதிரானது என்பதையோ அறிய இயலாதவர் செய்யும் எதுவும் குற்றமல்ல என்கிறது அது. பிரிட்டிஷாருக்குக் கீழ்ப்பட்டும் தனி அரசாகவும் இருந்த திருவிதாங்கூர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் தண்டனைச் சட்டத்தை இதே வார்ப்பில் அமைத்துக்கொண்டது. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1870இல், திருவனந்தபுரத்தில் மனநோயாளிகளுக்கான இல்லம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்று பேரூர்க்கடை அருகே ஊளம்பாறையில் இருக்கும் அரசு மனநல மையம். மலையாளிகள் மட்டுமல்ல, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத் தமிழரும் அந்த ஊர்ப்பெயரைக் கேலிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையின் பெயரே வசைச்சொல்லாக நிலைத்துப்போன சமூகத்தில், நீதிமன்றத்தில் ஒருவர் 'எனக்கு மனநோய்' என்று சொல்வது எவ்வளவு சந்தேகத்தோடு கேட்கப்படும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

84ஆம் பிரிவு அறிவை மட்டுமே அளக்கிறது. ஆசை, அச்சம், உந்துதல், தன்னைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் ஆகியவை அதன் பார்வைக்கு வெளியே நிற்கின்றன. இதை ஆரம்பத்திலேயே உணர்ந்த நீதிமன்றம் கல்கத்தா உயர் நீதிமன்றம். 1896இல் காதர் நாஸ்யர் ஷா என்பவரின் வழக்கு அங்கே வந்தது. வீடும் உடைமைகளும் தீயில் போனபின் மனம் கலங்கித் தலைவலியால் அவதிப்பட்டுவந்த அவர், தான் பிரியம் வைத்திருந்த எட்டு வயதுச் சிறுவனைக் கொன்றிருந்தார். நோக்கம் என்று எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. நோய் ஒருவரின் உணர்ச்சிகளையும் விருப்பாற்றலையும் தாக்கி அறிவை விட்டுவைக்கலாம் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். மருத்துவ நூல்கள் அப்படிச் சொல்வதையும் எடுத்துப் பேசினார்கள். ஆனால் சட்டத்தின் வாசகம் அறிவைப் பற்றி மட்டுமே இருப்பதால் தண்டனையை உறுதிசெய்தார்கள். உண்மை கண்ணுக்குத் தெரிந்தும் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போன முதல் தருணங்களில் இது ஒன்று. கடைசியானதும் அல்ல.

அதே நீதிமன்றத்தில் 1949இல் வந்த அஷிருத்தீன் அகமது வழக்கு இன்னும் நுட்பமானது. சுவர்க்கத்திலிருந்து வந்த ஒருவர் மகனைப் பலி கொடுக்கச் சொன்னதாகக் கனவு கண்ட அவர், காலையில் பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச்சென்று கொன்றார். பிறகு மாமனிடம் போனார். அருகே சௌக்கிதார் நிற்பதைக் கண்டதும் பேசாமல், மாமனைத் தனியே குளக்கரைக்கு அழைத்துப்போய் நடந்ததை நிதானமாகச் சொன்னார். காவலனைக் கண்டு தயங்கியவருக்குத் தன் செயல் சட்டத்துக்கு எதிரானது என்று தெரிந்திருக்கிறது. கத்தி எது, கழுத்து எது என்றும் தெரிந்திருக்கிறது. ஆனால் தெய்வக் கட்டளையை நிறைவேற்றுவது தவறு என்று அவர் மனம் அறியவில்லை என்று நீதிமன்றம் கண்டு அவரை விடுவித்தது. பிரிவின் சொற்களில் 'தவறானது' என்பதும் 'சட்டத்துக்கு எதிரானது' என்பதும் வெவ்வேறு. ஒன்று அறியப்படாமல் போனாலும் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் வாசிப்பு. பிந்தைய நீதிமன்றங்கள் எல்லாமே இவ்வளவு தாராளமாக வாசிக்கவில்லை. 1896இல் ஒரு தகப்பனைப் போல நேசித்த சிறுவனைக் கொன்றவர் தண்டிக்கப்பட்டார், 1949இல் பெற்ற மகனைக் கொன்றவர் விடுவிக்கப்பட்டார். இருவர் நோய்க்கும் இடையே இருந்த வேறுபாடு, ஒருவரால் தன் கனவைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது என்பதைத் தாண்டிப் பெரிதாக இருந்திருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

சுதந்திர இந்தியாவில் இந்தப் பிரிவுக்கு அடித்தளமாக நிற்பது 1964இன் தாஹ்யாபாய் தக்கர் வழக்கு. மனைவியை 44 கத்திக் காயங்களோடு கொன்ற கணவரின் மேல்முறையீடு அது. நீதிபதி சுப்பா ராவ் மனநிலையை நிரூபிக்கும் பாரத்தை அதில் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு மனிதரும் தெளிந்த மனத்தினர் என்றே நீதிமன்றம் தொடங்கும்; அப்படியல்ல என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். ஆனால் ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டியதில்லை, உரிமையியல் வழக்கில் போல நிகழக்கூடியது என்று காட்டினால் போதும். அதுவும் முடியாவிட்டாலும், அவர் வைக்கும் சாட்சியம் கொலை நோக்கத்தைப் பற்றி நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பலன் அவருக்கே. விதி நேர்த்தியானது. தக்கருக்கு அது உதவவில்லை. அவர் தண்டனை நிலைத்தது.

விதி நேர்த்தியாக இருப்பதும் சாட்சியம் கிடைப்பதும் வேறு. செயல் நிகழ்ந்த நேரத்து மனநிலையை மருத்துவர் யாரும் பார்த்திருப்பதில்லை. கைதாகி, ரிமாண்ட் ஆகி, வாரங்களோ மாதங்களோ கழித்து ஊளம்பாறை போன்ற ஓர் இடத்துக்கு அனுப்பப்பட்ட பிறகே மனநல மருத்துவர் முதல் முறையாக அவரைக் காண்கிறார். அதற்குள் மருந்தும் சிறையும் பயமும் மனத்தை மாற்றியிருக்கும். எனவே நீதிமன்றங்கள் செயலுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றிலிருந்து நடுவில் இருந்த மனநிலையை ஊகிக்கின்றன. ஓடி ஒளிந்தாரா, ஆயுதத்தை மறைத்தாரா, பொய் சொன்னாரா? இவை இருந்தால் அறிவு இருந்தது. இந்த ஊகத்தில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. மனச்சிதைவு நோயில் மாயக் குரல்களைக் கேட்பவர் பேருந்துக்குச் சரியாகச் சில்லறை கொடுப்பார். துரத்துவதாக நம்புகிறவர்களிடமிருந்து மிகத் திறமையாக ஒளிந்துகொள்வார். நோய் திட்டமிடும் ஆற்றலை எல்லோரிடமும் பறிப்பதில்லை. சிலரிடம் அது திட்டத்தின் ஆசிரியராகவே ஆகிவிடுகிறது.

இந்த உண்மையைப் புரிந்துகொண்ட தீர்ப்புகளும் உண்டு. 2002இல் ஸ்ரீகாந்த் ஆனந்தராவ் போசலே வழக்கில், மனைவியைக் குழவிக்கல்லால் அடித்துக் கொன்ற போலீஸ் கான்ஸ்டபிளை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவருக்கு முன்பே மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை நடந்திருந்தது, தந்தைக்கும் மனநோய் இருந்தது, செயலுக்குப் பின் அவர் தப்ப முயலவில்லை, கைதான பின்னும் தொடர்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆவணங்கள் கைக்கு எட்டியதால் அந்த வழக்கு நின்றது. ஆவணம் இல்லாத கிராமத்து ஏழைக்கு அந்த வழி திறப்பதில்லை. 2007இல் பாபு என்ற கஜராஜ் சிங் வழக்கில், மனநோயின் பழைய வரலாறு தெரியவரும்போது நேர்மையான விசாரணை அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவரை உடனே மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி அதை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும், அப்படிச் செய்யாதது வழக்கின் பலவீனம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் சுவரில் எழுதிவைக்க வேண்டிய விதி இது. மனநோய் வரலாறு முதலில் தெரிய வேண்டிய இடம் எஃப்.ஐ.ஆர். எழுதப்படும் மேசைதான்.

ஆனால் இவை எல்லாம் முழு விடுதலைக்கான வழக்குகள். நடு இடத்தின் கேள்வி இன்னும் நிற்கிறது. அந்த இடத்தை இந்தியச் சட்டம் அறியாததல்ல என்பதுதான் வேதனையானது. கொலை எது என்று வரையறுக்கும் பிரிவு ஐந்து விலக்குகளைத் தருகிறது. அவை பொருந்தினால் கொலை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக இறங்கும். முதல் விலக்கு திடீரென எழுந்த கடும் ஆத்திரம். மனைவியின் கள்ள உறவைக் கண்ட கணவர் தன்னடக்கம் இழந்து கொன்றால், அந்தச் சில நிமிடக் கொந்தளிப்பைச் சட்டம் புரிந்துகொள்கிறது. தன்னடக்கம் இழந்தவர் அறிவை இழந்தவர் அல்ல. யாரைக் கொல்கிறார், ஏன் கொல்கிறார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆக, அறிவு இருந்தும் கட்டுப்பாடு போனவரின் பொறுப்பு குறைவு என்ற கொள்கையை 1860லேயே சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பத்து நிமிட ஆத்திரத்துக்கு அது உண்டு. பத்தாண்டு நோய்க்கு இல்லை. ஆரோக்கியமான ஒருவர் கோபத்தில் இழந்த தன்னடக்கத்துக்குக் கிடைக்கும் பரிவு, அந்தத் தன்னடக்கத்தை நோயிடம் பறிகொடுத்தவருக்குக் கிடைக்காமல் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே சட்டம் படிகளை ஏற்கிறது. ஏழு வயதுக்குக் கீழே குற்றமே இல்லை. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், செயலையும் விளைவையும் எடைபோடும் முதிர்ச்சி அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். முதிர்ச்சி படிப்படியாக வளர்வது என்று அறிந்த சட்டம், அது நோயால் படிப்படியாகத் தேயவும் கூடும் என்பதை ஏற்க மறுக்கிறது. அறிவு வளர்ச்சி குன்றி, உடலால் முப்பது வயதும் புரிதலால் ஒன்பது வயதுமாக இருப்பவர் இந்தியக் கொலை வழக்கில் முப்பது வயதினராகவே நிறுத்தப்படுகிறார்.

நடு இடம் முதலில் தெளிவாகத் திறந்தது ஸ்காட்லாந்தில். 1867இல் அலெக்சாண்டர் டிங்வால் என்பவர் மனைவியைக் கொன்ற வழக்கில், நீதிபதி டியஸ் பிரபு ஜூரிகளிடம் மனத்தின் பலவீனம் கொலையைக் கீழ்க்குற்றமாக்க முடியும் என்று எடுத்துச்சொன்னார். நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வளர்ந்த அந்தக் கருத்தை இங்கிலாந்து 1957இன் மனிதக்கொலைச் சட்டத்தில் எழுத்தாக்கியது. 1960இல் பைர்ன் வழக்கில் அதன் எல்லை விரிந்தது: சாதாரண மனிதர் பிறழ்ந்தது என்று சொல்லத்தக்க மனநிலை எதுவும் இதில் அடங்கும், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமையும் அதில் சேரும் என்று தலைமை நீதிபதி பார்க்கர் பிரபு விளக்கினார். சொற்கள் தளர்வாக இருந்ததால் மருத்துவரும் ஜூரியும் ஆளுக்கொரு பொருள் கொண்டார்கள். எனவே 2009இன் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலை ஒன்று இருந்தாக வேண்டும் என்றும், அது புரிந்துகொள்ளும், முடிவெடுக்கும், தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றல்களில் ஒன்றையாவது கணிசமாகக் குறைத்து, கொலைக்கு விளக்கமும் தந்தாக வேண்டும் என்றும் இறுக்கியது. இறுக்கலாம், தளர்த்தலாம், இடம் ஒன்று இருந்தால்தான் எதுவும் செய்ய முடியும்.

ஆங்கிலேயருக்குப் பொருந்தியது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கட்டமைப்புக்குப் பொருந்தாது என்று சொல்வோருக்குச் சிங்கப்பூர் பதில். அங்குள்ள தண்டனைச் சட்டம் மெக்காலே வழிவந்த இந்தியச் சட்டத்தின் பிள்ளை; பிரிவு எண்கள் பலவும் அப்படியே. அதன் 300ஆம் பிரிவில், விலக்குகளின் வரிசையில், 1961இல் ஏழாவதாகக் குறைந்த பொறுப்பு சேர்க்கப்பட்டது. வேறொன்றையும் இடிக்காமல் ஒரு விலக்கு கூடியது, அவ்வளவுதான். ஆனால் விலக்கு எழுதிவைப்பதால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதையும் அதே நாடு காட்டியிருக்கிறது. 2009இல் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் நுண்ணறிவு எண் 69 என்று அளக்கப்பட்டது. போதைப்பொருள் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவு, மனப்பிறழ்ச்சியால் பொறுப்பு கணிசமாகக் குறைந்தவருக்குத் தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனை தரும். அவர் அந்த வரம்புக்குள் வரவில்லை என்று நீதிமன்றங்கள் கண்டன. தான் செய்வது அவருக்குத் தெரியும் என்பதே காரணத்தில் முன்னால் நின்றது. 2022 ஏப்ரல் 27 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அறிவை மட்டும் அளக்கும் பழைய பழக்கம் புதிய பிரிவுக்குள்ளும் புகுந்துவிட்டது.

இந்தியாவில் இந்த விவாதம் தொடங்காமல் போகவில்லை. சட்ட ஆணையம் 1971இன் 42ஆம் அறிக்கையில் 84ஆம் பிரிவையும் குறைந்த பொறுப்பையும் ஆராய்ந்தது. பிரிவை மாற்ற வேண்டியதில்லை என்றும், குறைந்த பொறுப்பு விசாரணையில் சிக்கலான மருத்துவ-சட்டப் பிரச்சினைகளைக் கொண்டுவரும் என்றும் முடிவுசெய்தது. அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. மனநல மருத்துவர்கள் போதுமான அளவில் இல்லாத நாடு, காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க முடிகிற நாடு, கொல்லப்பட்டவரின் குடும்பம் நீதிமன்ற வராந்தாவில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நாடு. நோயை நடிப்பவர் தப்பிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் நடிப்பவருக்கு முழு விடுதலை தரக்கூடிய 84ஆம் பிரிவை நூற்றறுபது ஆண்டுகளாக வைத்துக்கொண்டு, தண்டனையைக் குறைக்க மட்டுமே செய்யும் ஒரு விலக்குக்கு அதே அச்சத்தைக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை. முழு விடுதலையா முழுத் தண்டனையா என்று மட்டும் கேட்டால், உண்மையிலேயே நோயுற்றவரைக் கூட விடுவிக்க நீதிபதியின் கை தயங்கும். நடுவே ஒரு படி இருந்தால் அந்தத் தயக்கம் குறையும்.

2023இல் தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டபோது ஒரு வாய்ப்பு வந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் மசோதா சித்த சுவாதீனமின்மை என்ற பழைய தொடரை எடுத்துவிட்டு 'மனநோய்' என்று வைத்தது. அதன் பொருள் மனநிலை ஏற்ற இறக்கங்களையும் தானாக வாங்கிக்கொண்ட போதையையும் உள்ளிழுக்கும் அளவுக்கு விரிந்தது என்று நாடாளுமன்ற நிலைக்குழு எதிர்த்தது. டிசம்பரில் வந்த இரண்டாம் மசோதாவில் பழைய தொடரே திரும்பியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் 22ஆம் பிரிவு, பழைய 84இன் மறுபதிப்பு. குழுவின் எதிர்ப்பில் ஓர் உண்மை இருந்தது. இன்னோர் ஆபத்தும் இருந்தது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு சேராது. மாற்றம் நிலைத்திருந்தால் மிகவும் பாதுகாக்கப்பட வேண்டிய ஒரு கூட்டம் விடுபட்டிருக்கும். ஆனால் ஒற்றைச் சொல்லை மாற்றுவதா வேண்டாமா என்பதோடு விவாதம் முடிந்துபோனது பெரிய இழப்பு. விலக்குகளின் வரிசையில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது பற்றி அந்த மசோதாக்களில் எதுவும் இல்லை.

குற்றம் நிர்ணயிக்கப்படும் கட்டத்தில் நுழைய முடியாத நோய், தண்டனை விதிக்கும் கட்டத்தில் பின்வாசல் வழியே நுழைந்திருக்கிறது. திருவிதாங்கூர் 1944இல் மரண தண்டனையை ஒழித்த சமஸ்தானம். இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் தூக்கு திரும்பி வந்தது. திரும்பி வந்த தூக்கைச் சுற்றியே இன்று மனநலம் பற்றிய தீர்ப்புகள் வளர்கின்றன. 2014இல் சத்ருகன் சவுகான் வழக்கில், மனநோய் மரண தண்டனையைக் குறைக்கத் தக்க காரணம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019இல் பெயர் மறைக்கப்பட்ட 'குற்றவாளி எக்ஸ்' வழக்கில், தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயும் கணக்கில் வரும் என்று சொல்லி ஆயுள் தண்டனையாக்கியது. 2022இன் மனோஜ் வழக்கில், தூக்கு பற்றி முடிவெடுக்கும் முன் குற்றவாளியின் மனநல வரலாற்றை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும் என்று விதித்தது. அதைத் தொடர்ந்து 2023இல் கேரள உயர் நீதிமன்றம் இரண்டு தூக்கு வழக்குகளில் குற்றவாளிகளின் வாழ்க்கை, வளர்ப்பு, மனநலம் பற்றிய விரிவான ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்து ஆற்றிங்கல் இரட்டைக் கொலை வழக்கு. அடுத்த ஆண்டு அதில் தூக்கு நீக்கப்பட்டு, சலுகையற்ற 25 ஆண்டுச் சிறையானது. மற்றதில் தூக்கு உறுதியானது.

இந்த வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் விளிம்பு தெளிவு: தூக்குக்கு அருகே போனவருக்கு மட்டுமே அது உதவும். கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஆயுள் சிறை என்பதால், அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. தூக்கு கேட்கப்படாத ஆயிரக்கணக்கான சாதாரணக் கொலை வழக்குகளில், நோயுற்ற மனம் எவ்வளவு துல்லியமாக நிறுவப்பட்டாலும் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையாது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. தன்னைக் கொல்ல முயன்றவரின் துயரத்தைப் புரிந்துகொள்ள அதே நாடாளுமன்றத்தால் முடிந்திருக்கிறது.

இனி, விசாரணையைத் தாங்கும் மனநிலை. இது செயல் நேரத்து மனநிலையிலிருந்து முற்றிலும் வேறான கேள்வி. தன் மீதான வழக்கைப் புரிந்துகொண்டு வக்கீலிடம் பேச இயலாதவர் மீது விசாரணை நடத்தக் கூடாது. நீதிமன்றம் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், மருத்துவ வாரியத்திடம் மேல்முறையீடு செய்ய இடம் உண்டு, தகுதி திரும்பும்வரை விசாரணை நிறுத்திவைக்கப்படும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328 முதல் 339 வரையான பிரிவுகள் இன்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367 முதல் 378 வரை. காகிதத்தில் இது கருணை. நடைமுறையில் இதுவே முடிவில்லாச் சிறையாகவும் ஆகியிருக்கிறது. அசாமைச் சேர்ந்த மச்சால் லாலுங் 1951இல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். குணமாகிவிட்டார் என்று 1967இல் மருத்துவமனை சொன்னது. வீட்டுக்கு அனுப்பாமல் குவாஹாத்திச் சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே இல்லாமல் 54 ஆண்டுகள் கழித்து, தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பின், 2005இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் அவர் வெளியே வந்தார். இரண்டே ஆண்டில் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்பதை எந்த நீதிமன்றமும் கடைசிவரை கேட்கவில்லை.

பழைய 84ஆம் பிரிவின் கீழோ இன்றைய 22ஆம் பிரிவின் கீழோ விடுவிக்கப்பட்டவரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. செயலைச் செய்தது இவர்தான், ஆனால் நோயால் குற்றமாகாது என்று நீதிமன்றம் எழுதியபின், பாதுகாப்பான இடத்தில் வைக்கவோ உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கவோ உத்தரவிடும். கேரளத்தில் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு குதிரவட்டம் என மூன்று அரசு மனநல மையங்கள். நீதிமன்றம் அனுப்பும் நோயாளிகள் வந்து சேர்வது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். வெளியே விட்டால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தில்லை என்று சான்று வந்தால் மாநில அரசு விடுவிக்கலாம், அல்லது ஒரு நீதித்துறை அதிகாரியும் இரு மருத்துவ அதிகாரிகளும் கொண்ட குழுவை அமைத்து ஆராயலாம். அழைத்துப்போக விரும்பும் உறவினர், ஒழுங்காகப் பராமரிப்போம், தீங்கு நேராமல் காப்போம் என்று பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் வீடு என்று ஒன்று வெளியே காத்திருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. மனநோயின் பிடியில் நிகழும் கொலைகளில் இறப்பவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே இருந்தவர்கள்: தாய், மனைவி, பிள்ளை. எஞ்சிய உறவினர் பலருக்கு அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட மனம் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சிகிச்சை முடிந்த பின்னும் போக இடமில்லாமல் வார்டிலேயே தங்கிவிடுகிறவர்களுக்குத் தேவை, மருத்துவமனையும் அல்லாத சிறையும் அல்லாத, கண்காணிப்பும் சிகிச்சையும் உள்ள தங்கும் இல்லங்கள். 2017இன் சட்டம் அவற்றை அமைக்கும் கடமையை மாநில அரசுகளின் மேல் வைத்திருக்கிறது.